பழைய வீட்டைச் செப்பனிடுதலும் புழக்கடைத் தோட்டமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும் அதனையடுத்த நெசவாளர் தெருக்களிலும் உள்ள சங்க அங்கத்தினர்களில் பலர், தங்கள் பாட்டனார் கட்டிய வீடுகளிலேயே இன்றும் வசித்துத் தறி நெய்து வருகின்றனர். அவ்வீடுகளில் சுவர் உப்புப் பூத்து உதிர்வதும், ஓட்டின் வழியே மழை ஒழுகுவதும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்றுபோவதும் ஆண்டுதோறும் கேட்கப்படும் முறைப்பாடுகளாகும். இவற்றிற்குப் பரிகாரம் வேண்டிக் கொடுக்கப்படும் கடன் மனுக்கள் பெரும்பாலும் இரண்டே வகையின. ஒன்று, வீட்டை அடியோடு இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுவதற்கு. மற்றொன்று, சுவர்களின்மேல் சிமெண்டு பூசுவதற்கு. முன்னது பல குடும்பங்களின் சக்திக்கு மீறியது. பின்னது பணத்தை விழுங்குமேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை.

இதற்கிடையில், புழக்கடையில் காய்கறித் தோட்டம் போடவேண்டுமென்ற ஆவலும் அங்கத்தினர்களிடையே பரவியிருக்கிறது. அது நல்லதே. ஆயினும் வீட்டைச் செப்பனிடுவது ஒரு காரியம், தோட்டம் போடுவது வேறொரு காரியம் என்று பிரித்தெண்ணுவதால் பல சங்கடங்கள் நேருகின்றன. சமையலறைச் சுவரை ஒட்டி வாழையை நட்டு நாள்தோறும் நீர் பாய்ச்சுகிறோம். வாழை செழிக்கிறது, சுவர் இற்றுப்போகிறது. பின்பு சுவருக்குக் கடன் கேட்கிறோம். உண்மையில் இவ்விரண்டும் ஒரே காரியம். வீட்டைக் கெடுப்பது நீர். தோட்டத்தை வளர்ப்பதும் அதே நீர். சுவரண்டை நிற்கும் நீரை வாங்கி வேரண்டை சேர்ப்பதற்கான வழியே இங்கு விவரிக்கப்படுகின்றது.

உதாரணத்திற்கு 18 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். தெருவை ஒட்டித் திண்ணை, அதன் பின் நடை, அடுத்துத் தறி நிற்கும் நீண்ட கூடம், நடுவே வானம் தெரியும் சிறு முற்றம், அதற்கப்பால் சமையலறை. இவையெல்லாம் 45 அடிக்குள் அடங்கும். பின்பு கிணறும் துவைகல்லும் உள்ள இடம் 10 அடி. எஞ்சிய 35 அடி புழக்கடை. பரப்பில் அது 630 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்ட் ஆகும். இரு பக்கங்களிலும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். நமது தெருக்களில் பல வீடுகள் சிறு வித்தியாசங்களுடன் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இடிப்பதா, செப்பனிடுவதா?

இடிப்பதற்கு முன் மூன்று விஷயங்களை யோசிக்கவேண்டும். முதலாவது தறி. பழைய வீட்டின் கூடம் தறியை மனத்திற்கொண்டு கட்டப்பட்டது. இக்காலத்து வீட்டுப் படங்களில் படுக்கையறைக்கும் முன்னறைக்கும் இடமிருக்கும். குழித்தறிக்கும் அதன் நீண்ட பாவுக்கும் இடமிராது. அன்றியும், ஓட்டுக் கூரையின் கீழ், மண் தரையில் பதிந்த குழியில் சிறிது குளிர்ச்சி எப்போதும் இருக்கும். பட்டு இழைக்கு அது ஏற்றது. கோடையில் கான்கிரீட் தளத்தின் கீழ் காற்று உலர்ந்து சூடேறும்போது இழை அடிக்கடி அறுபடுவதை நெசவாளருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கூலி. வீடு கட்டி முடியும் வரையில் தறி நிற்கும். தறி நிற்கும் மாதம் கூலியில்லாத மாதம். ஆனால் கடனுக்கு வட்டியில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. செப்பனிடுதலிலோ கூரையை ஒரு பக்கம் பிரிக்கும்போது தறியை மூடிவைத்துச் சில தினங்களில் மீண்டும் வேலையைத் தொடங்கலாம்.

மூன்றாவது சட்டம். இதனைப் பலர் அறியார். பிள்ளையார்பாளையத்தை அடுத்துள்ள கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராஜசிம்மன் எழுப்பியது. இன்று மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளது. வைகுண்டப் பெருமாள் கோயிலும் அவ்வாறே. 2010-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டிடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எந்த வேலையும் செய்யவேண்டும். செப்பனிடும் வேலைக்கு இரண்டு எல்லைகளிலும் அனுமதி கேட்கலாம். ஆகவே, கோயிலுக்கு அருகில் உள்ளவர் அவசரப்பட்டு வீட்டை இடித்துவிட்டால், இருந்த வீடும் போய்ப் புதிய வீடும் இல்லாமல் நிற்க நேரிடலாம்.

இடித்தே தீரவேண்டிய வீடுகளும் இல்லாமல் இல்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது சுவர் வெளிப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால், அல்லது அஸ்திவாரம் இறங்கியிருந்தால், பொறியாளரை அழைத்துக் காட்டாமல் எதுவும் செய்யலாகாது. வெடிப்பு எல்லாம் அபாயமன்று. வெடிப்பின் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தால் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டை பூசி, அதில் தேதியைக் கீறி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பின்னும் பட்டை விள்ளாமல் இருந்தால், அது பழைய வெடிப்பு, அடைத்துவிடலாம். பட்டை விண்டுபோனால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள்.

1914-15-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து தேசத்து நகரமைப்பு நிபுணர் பாட்ரிக் கெட்டிஸ் என்பவர், காஞ்சிபுரத்தின் தெருவமைப்பைக் கண்டு பெரிதும் வியந்து எழுதினார். பழைய நகரங்களைச் சீர்திருத்துவதற்கு அவர் கூறிய முறை வைத்தியருடைய முறையைப் போன்றது: முதலில் நோயை ஆராய்வது, இறந்துபோன பாகத்தை மட்டும் நீக்குவது, உயிருள்ளதைத் தொடாமல் விடுவது, நீக்கியதால் ஏற்பட்ட வெற்றிடத்தில் மரம் வைப்பது. அவர் தெருக்களுக்குச் சொன்னதை நாம் ஒரு மனைக்குள் செய்யப் புகுகிறோம். தனி வீடுகளிலும் இது ஆகுமா என்று ஐயுறுவோர், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பார்த்து வரலாம். இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, கல்லும் மரமும் கலையாமல் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கு உண்டு. நம் வீட்டை நாமே பணம் கொடுத்து நுழைந்து பார்க்கவேண்டியிருப்பது சற்று வேடிக்கைதான்.

வீடு பாகப்பிரிவினையாகாமல் இருந்தால், வேலையைத் தொடங்குமுன் பங்காளிகள் அனைவருடைய எழுத்து மூலமான சம்மதத்தையும் பெறுதல் அவசியம். ஒருவர் செலவழித்துச் செப்பனிட்ட வீட்டில், வேலை முடிந்தபின் மற்றவர்களுக்குப் பங்கு நினைவு வருவது உலக இயல்பு. பொதுச்சுவரில் கை வைப்பதானால் அண்டை வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சம்மதம் பெறுங்கள். வில்லங்கச் சான்று, வரி ரசீது முதலியவற்றைக் கடன் மனு எழுதும் நாளில் தேடாமல் முன்னதாகவே சேர்த்து வைத்தல் நலம்.

நீரின் வழி

வேலையை எங்கே தொடங்குவது? கொத்தனாரைக் கேட்டால் சுவரில் என்பார். வர்ணக்காரரைக் கேட்டால் அவரும் சுவரில் என்பார். நாம் தொடங்கவேண்டிய இடம் முற்றத்துச் சலதாரை.

நான்கு பக்கத்துக் கூரை நீரும் முற்றத்தில் விழுந்து, கூடத்தின் அல்லது சமையலறையின் தரைக்கு அடியில் செல்லும் பழைய சலதாரை வழியாக வெளியேறுகின்றது. அந்தக் கால்வாய் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் அது கெட்டுப்போனதும் தெரியாது. செங்கல் பிளந்து, எலி வளை தோண்டி, உள்ளே கசியும் நீர் தரைக்கடியில் பரவிச் சுவரின் அடியை நனைக்கும். தறிக்குழியையும் தேடிச் செல்லும். மழை பெய்யாத ஒரு நாளில் முற்றத்தில் பத்துக் குடம் நீரை ஒரே சீராக ஊற்றி, வெளிவாயிலில் எத்தனை குடம் வருகிறதென்று அளந்து பாருங்கள். ஒன்பது வந்தால் சலதாரை நன்றாக இருக்கிறது. ஆறு வந்தால், நான்கு குடம் உங்கள் வீட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. சலதாரையைத் தோண்டிப் புதுப்பிக்க இயலாவிடில், அதனுள்ளேயே குழாய் ஒன்றைச் செலுத்திப் பின்பக்கமாகச் சாய்வு கொடுத்துப் புழக்கடைக்குக் கொண்டுவரலாம்.

இந்த நீர் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் அதன் மதிப்பு விளங்கும். 18 அடிக்கு 45 அடி என்றால் 810 சதுர அடி, அதாவது சுமார் 75 சதுர மீட்டர். இப்பக்கத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர். ஆக அவ்வீட்டின் மேல் ஓர் ஆண்டில் விழும் மழை 90,000 லிட்டர். தெருப்பக்கம் போகும் பாதியைத் தள்ளினாலும் 45,000 லிட்டர் மிஞ்சும். 15 லிட்டர் குடத்தில் 3,000 குடம்! இத்தனையும் சுவரடியில் விழுவதா, பத்தடி தள்ளி விழுவதா என்பதில்தான் வீட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

பின்பக்கத்து இறவாரத்தில் தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன நீர்த்தாரை ஒன்றைப் பொருத்தி, நீரைக் கீழே இறக்கி, சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியுள்ள உறிஞ்சு குழிக்குக் கொண்டுசெல்லவேண்டும். குழியை உடைந்த செங்கல், கூழாங்கல், மணல் ஆகியவற்றால் வரிசையாக நிரப்புக. கிணற்றிலேயே விடுவதானால் முதல் இரண்டு மூன்று மழைகளின் அழுக்கு நீரை விலக்கி, மணல் வடிகட்டி வழியாகவே விடவேண்டும். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் வைக்கப்பட்ட குழிகள் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிச் சுத்தம் செய்தாலே பாதி வேலை தீர்ந்துவிடும். தொட்டியில் நீர் பிடித்து வைப்போர் கொசு நுழையாதபடி துணியால் இறுக மூடுக. டெங்கு கொசு நல்ல நீரில்தான் வளர்கின்றது.

இறவார நீர் விழும் சுவரடியில், சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்திற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சாய்தளம் போடவேண்டும். அடிக்கு அரை அங்குலச் சாய்வு போதும். அந்த மூன்றடிக்குள் எந்தச் செடியும் வைக்கலாகாது. துளசி மாடம் இருந்தால் அதனைப் புழக்கடையின் நடுவே மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

தறிக்குழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையைப் போன்ற காலங்களில், நிலத்தடி நீரே குழியின் தரைக்கு மேல் ஏறிவிடும். அப்போது மேற்சொன்ன எந்த ஏற்பாடும் நீரைத் தடுக்காது. கிணற்றில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறதென்பதை ஒரு மழைக்காலம் முழுவதும் கோடிட்டுக் குறித்து வையுங்கள். அது குழியின் தரையைத் தொடுமானால், குழியின் அடியையும் பக்கங்களையும் செங்கற்பொடி கலந்த சுண்ணாம்புச் சாந்தால் கட்டிப் பூசுவதும், கூடத்தின் தரையை இயன்ற மட்டும் உயர்த்துவதும் தவிர வேறு வழியில்லை. நீர் அந்த மட்டத்திற்கு ஏறாத வீடுகளில் குழி நனைவதற்குச் சலதாரையும் இறவாரமுமே பெரும்பாலும் காரணம்.

கூரையும் சுவரும்

கூரை வேலையை வைகாசிக்குள் முடித்துவிடவேண்டும். நாட்டு ஓடானாலும் மங்களூர் ஓடானாலும் பிரித்து, உடைந்தவற்றைக் கழித்து, மீண்டும் வேய்தல் பெரிய செலவன்று. ஆள் கிடைப்பதே அரிது. ஓட்டைப் பிரிக்கும் சமயத்தில் கைமரங்களையும் உத்தரங்களையும் சோதியுங்கள். மரம் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் இற்றுப்போகும். கத்தி முனையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இற்ற முனையை மட்டும் அறுத்து, வைரம் பாய்ந்த வேறு மரத்தை இணைத்து, திருகாணியிட்டு, அடியில் கல் வைத்து, முனையைச் சுற்றிக் காற்றுப் புக இடம் விட்டு அமைத்தால் முழு உத்தரத்தையும் மாற்றவேண்டியதில்லை. செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை கொட்டி அடித்த பழைய மெத்தைத் தளமானால், ஒழுகும்போதெல்லாம் மேலே மேலே புதுத் தளம் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஏற்றிய கனத்தை அதே பழைய கட்டைகள்தாம் தாங்குகின்றன. வெடிப்பைச் சுத்தம் செய்து சுண்ணாம்புக் குழம்பை ஊற்றி அடைத்தாலே போதுமானது.

சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டுவதால் பயனில்லை. வெட்ட வெட்டத் தழைக்கும். கல்லைப் பெயர்த்து வேரை முழுதும் எடுத்துவிட்டு, அவ்விடத்தை மீண்டும் கட்டவேண்டும்.

இனிச் சிமெண்டைப் பற்றி. சிமெண்டு நல்ல பொருள். ஆனால் பழைய சுவருக்கு நல்ல பொருளன்று. நம் பழைய சுவர்கள் செங்கல்லும் மண்சாந்தும் அல்லது சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. நிலத்து ஈரம் அவற்றில் சிறிது ஏறும்; ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் உலர்ந்து போகும். இவ்வாறு ஏறுவதும் உலர்வதுமாகவே அவை இத்தனை காலம் நின்றன. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேறும் வாயில் அடைபடுகிறது. ஈரம் போக வழியின்றி மேல்நோக்கி ஏறுகின்றது. நான்கடி உயரத்திற்குச் சிமெண்டு பூசிய சுவரில், சில ஆண்டுகளில் ஐந்தாவது அடியில் உப்புப் பூப்பதைப் பல வீடுகளில் காணலாம். அதற்கும் மேலே சிமெண்டு பூசுவார்கள், ஈரமும் ஏணியேறும். உள்ளே செங்கல் பொடியாகிக்கொண்டிருக்க, வெளியே பூச்சு மட்டும் பலகைபோல் நிற்கும். ஒரு நாள் அது மொத்தமாகப் பெயர்ந்து விழும்.

ஆகவே சுவருக்குச் சுண்ணாம்பே சிலாக்கியம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டி நீரில் சிறிது சிறிதாக இட்டுத் தாளிக்கவேண்டும். அப்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். தாளித்த சுண்ணாம்பை நீருக்கடியில் குறைந்தது பதினைந்து நாள் ஊறவிடுக. மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. பின்பு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத ஆற்று மணல் சேர்த்து அரைக்கவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். பூசிய பின் ஒரு வாரத்திற்குக் குறையாமல் நீர் தெளித்து, வெயில் நேரே படாதபடி சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டே இறுகுகிறது. அதற்குக் காலம் பிடிக்கும். சிமெண்டுக்குப் பழகிய கொத்தனார் ‘நாளைக்கே வர்ணம் அடிக்கலாம்’ என்பார். அவர் பேச்சைக் கேட்கவேண்டாம். வர்ணமும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் கலந்த வர்ணம் சிமெண்டு செய்யும் தீங்கைச் சிறிய அளவில் செய்யும்.

சலதாரையையும் சாய்தளத்தையும் முடித்தபின், சுவரை உடனே பூசாமல், பழைய பூச்சை உரித்துவிட்டு ஒரு கோடை முழுவதும் உலரவிடுவது உத்தமம். பார்வைக்கு அலங்கோலமாக இருக்கும். கலியாணம் நிச்சயித்திருக்கும் வீட்டார் இதற்கு இசையமாட்டார்கள் என்பதும் தெரிந்ததே.

தோட்டம்

பழைய பூச்சை உரித்தும் இடிந்த பகுதிகளை அகற்றியும் சேரும் இடிபாடுகளை அப்படியே புழக்கடையில் கொட்டுவது பொது வழக்கம். அதை இரண்டாகப் பிரிக்கவேண்டும். சுண்ணாம்புக் கட்டியும் செங்கல்லும் மண்ணைக் காரமாக்கிச் செடியின் வேரைக் கெடுக்கும். அவற்றைத் தரைக்கு அடியிலும், நடைபாதைக்கும், உறிஞ்சு குழிக்கும் உபயோகித்துக்கொள்க. பழைய மண்சுவரின் மண்ணோ நல்ல எரு; அதில் வெடியுப்புச் சத்து சேர்ந்திருக்கும் என்பதால் குடியானவர்கள் அதனை வயலுக்கு வண்டி கட்டிக் கொண்டுபோவது உண்டு. அதை எருக்குழியில் சேருங்கள். எருக்குழியைச் செப்பனிடும் வேலையின் முதல் நாளிலேயே புழக்கடையின் கடைசி மூலையில் வெட்டிவிடவேண்டும். இலை, தழை, சமையற்கழிவு, சாணம், சாம்பல், சிறிது மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, மூன்று முறை கிளறிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதங்களில் எரு தயாராகும். ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் விவசாய விஞ்ஞானி இந்தூரில் சோதித்து, 1931-இல் நூலாக வெளியிட்ட முறையின் சுருக்கம் இதுவே. மாசியில் வீட்டு வேலையும் குழியும் தொடங்கினால், ஆடிப்பட்டத்திற்கு எரு கைக்கு வரும்.

குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் போகும் வாய்க்காலின் ஓரத்தில் வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றை வையுங்கள். அவை எவ்வளவு நீரையும் குடிக்கும். அந்நீரைக் கீரைப் பாத்தியில் விடலாகாது. சாயமிட்ட நீரையும் பட்டின் பசை நீக்கிய சோப்பு, சோடா நீரையும் தோட்டத்தில் விடவே கூடாது. செடி கருகுவது மட்டுமன்று. சில ஆண்டுகளில் கிணறும் கெடும். சாய வேலை வீட்டில் நடக்குமானால் அதற்கு மூடிய தனிக் குழாய் வேண்டும்.

மரங்களில் ஆசை வைப்போர் அளவோடு வைக்கவேண்டும். 18 அடி அகலப் புழக்கடையில் மா, பலா வைத்தால் வேர் பொதுச்சுவரைத் தேடும். அண்டை வீட்டாரும் நம்மைத் தேடுவர். தென்னை ஓட்டுக் கூரைக்கு எமன். எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி இரண்டு, கடைசி மூலையில் முருங்கை ஒன்று என்பது போதுமானது. முருங்கையைக் கூரைக்கு எட்டாத தூரத்தில் வைக்கவேண்டும். அதன் கிளை காற்றுக்கு முறியும். 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையை விதை ஊன்றினால் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். உயரம் போகாதபடி வெட்டிவிட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆடியில் அவரையும் புடலும் பீர்க்கும் பந்தலுக்கு ஊன்றுக. துவைகல்லின்மேல் அந்தப் பந்தலை அமைத்தால் வேலை செய்வோருக்கு நிழலும் ஆகும். அவரை தை மாதத்தில் நன்றாகக் காய்க்கும். கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை வகைகள் பாத்தியில். இவற்றின் பயிர் முறையை அங்கத்தினர்களின் வீட்டுப் பெண்மக்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

கோயில் நகரமாதலால் குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பப்பாளி பழுக்கும் வரை அவை காத்திருப்பதில்லை. ஓட்டையும் புரட்டிவிடும். மண்ணுக்குள் விளையும் கருணை, சேம்பு, மஞ்சள் ஆகியவற்றையும், பாகல், மிளகாய் போன்றவற்றையும் அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. குரங்குத் தொல்லை மிகுந்த தெருக்களில் இவற்றோடு கீரையும் போட்டுத் திருப்தியடைவதே விவேகம்.

ஒன்றரை சென்ட் தோட்டம் வீட்டுக் கடனை அடைத்துவிடும் என்று எண்ணவேண்டாம். அவ்வாறு எழுதுவோர் மண்வெட்டி பிடித்தவர்களல்லர். அது ஒரு குடும்பத்திற்கு வாரத்தில் பல நாள் கீரையும், பருவத்தில் இரண்டொரு காயும், வாழையிலையும் கொடுக்கும். கடனைத் தறியே அடைக்கவேண்டும். ஆதலால் முழு வேலைக்கும் ஒரே தடவையில் கடன் வாங்காமல், காத்திருக்க முடியாத கூரைக்கும் சலதாரைக்கும் மட்டும் முதலில் வாங்கி, சுவர் வேலையை அடுத்த கோடைக்கு ஒத்திவைத்துக் கையிருப்பிலிருந்து செய்வது மேல். சுவர் உலர்வதற்கும் அந்த ஓராண்டு தேவைதான்.

சங்கத்தின் வழியே

தனித்தனியே வாங்கினால் நல்ல சுண்ணாம்பு கிடைப்பது கடினம். ஒரு வீட்டுக்காகச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் வரமாட்டார். பத்து வீடுகள் சேர்ந்தால் இரண்டும் கிடைக்கும். ஒரே தெருவிலுள்ளவர்கள் சேர்ந்து ஒரு தொட்டியில் சுண்ணாம்பைத் தாளித்து வைத்துக்கொண்டு, அளந்து பகிர்ந்துகொள்ளலாம். பொதுச்சுவர் வேலையும் அப்போது இரு பக்கமும் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரு வீட்டார் மட்டும் தங்கள் பக்கத்தைச் செப்பனிட்டு, அடுத்த வீட்டுச் சலதாரை அதே சுவரில் கசிந்துகொண்டிருந்தால் செலவு வீண். நகர ஐக்கிய நாணய சங்கங்களில் இந்தியாவிலேயே முதலாவதாக 1904-ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சங்கம் இக்காஞ்சிபுரத்தினது. நம் ஊராருக்குக் கூடிச் செய்யும் முறை புதிதன்று.

வரும் மாசியில் வேலை தொடங்க விரும்புவோர், கூரையின் நீள அகலம், உரிக்கவேண்டிய சுவரின் சதுர அடி, மாற்றவேண்டிய ஓடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மார்கழி முடிவதற்குள் தத்தம் சங்கக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். முற்றத்துச் சலதாரையில் ஊற்றிய குடம் எத்தனை, வந்த குடம் எத்தனை என்பதையும் அதே காகிதத்தில் குறிப்பிடுக. தாளித்த சுண்ணாம்பு ஊறுவதற்கு நாள் வேண்டியிருப்பதால், தை மாதத்திற்குள் சுட்ட சுண்ணாம்பு வந்து சேரவேண்டும்.